காந்தல்லூர் வீட்டுக்கு எத்தனை லிட்டர் வெந்நீர் டேங்க்?

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்குப் பழைய வீட்டின் மேல் டேங்கில் தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தேன். 14 டிகிரி. கீழே வந்து கிணற்றில் ஒரு வாளி இறைத்து அதிலும் வைத்தேன். 19 டிகிரி. புது வீட்டுக்கு வெந்நீர் டேங்க் எத்தனை லிட்டரில் வாங்குவது என்று அதற்கு முன்பே நாலைந்து பேரிடம் கேட்டிருந்தேன். 200 போதும் என்றார் ஒருவர். 500க்குக் கீழே போகாதீர்கள் என்றார் இன்னொருவர். உங்கள் வீட்டுத் தண்ணீர் எத்தனை டிகிரியில் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. டேங்க் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் நிலம் காந்தல்லூரில். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் வந்து, அங்கிருந்து மலை ஏறினால் ஊர். கேரளா என்றாலும் அஞ்சுநாடு என்று சொல்லும் இந்தப் பகுதியில் வீட்டுப் பேச்சு தமிழ்தான், வீடு கட்டச் சாமான் வாங்குவதும் உடுமலையில்தான். படிப்படியாக வெட்டிய தட்டு நிலம். மேல் தட்டில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறோம், கீழ்த் தட்டுகளில் பூண்டும் பீன்ஸும். மார்கழி, தை இரவுகளில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். வீட்டில் அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு மூட்டு வலி. இத்தனை வருடமும் நாலரை மணிக்கு எழுந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு செம்பு பாய்லருக்குத் தீ மூட்டியது அவர்தான். புது வீட்டில் அந்த வேலை அவருக்கு இருக்கக் கூடாது என்பதில் எனக்கு வேறு பேச்சே இல்லை.

மண்ணிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்பைத் தேர்ந்தெடுத்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதல்லவா, அதே வேலைதான். இங்கே உள்பக்கம் என்பது தோட்டத்து மண், பின்பக்கம் என்பது வெந்நீர் டேங்க். ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்து மண்ணிலிருந்து மூன்று யூனிட் வெப்பத்தை இழுத்து, நான்காகத் தரும். காற்றிலிருந்து எடுக்கும் வகை விலை குறைவு. எங்கள் ஊர்க் குளிருக்கு அதுவே போதும் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் எங்களுக்கு வெந்நீர் அதிகம் தேவைப்படும் தை மாத விடிகாலையில்தான் காற்று மிகக் குளிர்ந்திருக்கிறது, மண்ணோ அப்போதும் 19ஐ ஒட்டியே நிற்கிறது. தரைக்குக் கீழே ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி இருக்கும். கிணற்றுத் தண்ணீர் காட்டியது அதைத்தான். அப்புறம், மனையை மட்டப்படுத்த ஜேசிபி எப்படியும் வந்து நின்றது. 5 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரத்துக்கு மண் கொடுக்க வேண்டியது 3.75 கிலோவாட். ஈரமான மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு 20 வாட் என்று வைத்தால் 190 சதுர மீட்டர் வேண்டும், அதாவது ஐந்து சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பூண்டுத் தட்டில் ஐந்தடி ஆழத்தில் குழாய் பதித்து மூடிவிட்டோம். பூண்டு வேர் அந்த ஆழத்துக்குப் போகாது, வெள்ளாமை வழக்கம்போல நடக்கும். தட்டின் விளிம்புக் கல்கட்டை ஒட்டி மட்டும் தோண்டவில்லை. மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் கட்டே சரிந்துவிடும்.

சரி, டேங்க்.

கடைகளில் சொல்லும் கணக்கு ஆளுக்கு 50 லிட்டர். ஆறு பேருக்கு 300. நான் கடைசியில் வந்து நின்றதும் 300தான். அதனால் அந்தக் கணக்கு சரியென்று ஆகிவிடாது. எத்தனை டிகிரி வெந்நீர், எத்தனை மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும், தீர்ந்ததை இயந்திரம் எவ்வளவு நேரத்தில் திரும்ப நிரப்பும் என்ற மூன்றையும் அது கேட்பதே இல்லை. கீசருக்கு இது பெரிய விஷயமில்லை. ஹீட் பம்ப்பில் டேங்கும் இயந்திரமும் ஜோடி. ஒன்றின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதன் அளவைச் சொல்லவே முடியாது.

குளிக்கிற தண்ணீர் 40 டிகிரி இருந்தால் சுகமாக இருக்கும். டேங்கில் 50 டிகிரியில் இருப்பதை 14 டிகிரித் தண்ணீரோடு கலந்துதான் 40 ஆக்குகிறோம். டேங்க் சூட்டிலிருந்து குளிர்நீர் சூட்டைக் கழிக்க வேண்டும், 36. குளிக்கும் சூட்டிலிருந்து குளிர்நீர் சூட்டைக் கழிக்க வேண்டும், 26. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.38. அதாவது டேங்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் குளியலறையில் 1.38 லிட்டர் ஆகிறது. ஆனால் 300 லிட்டர் டேங்கில் 300ம் கைக்கு வராது. எடுக்க எடுக்கக் கீழே குளிர்நீர் நுழைந்து, கடைசி ஐந்தில் ஒரு பங்கு வெதுவெதுப்பாகிவிடும். ஆகவே 240தான் உண்மையான கையிருப்பு, அது 40 டிகிரியில் 332 லிட்டர் ஆகும். இதே வழியில் பார்த்தால் 200 லிட்டர் டேங்க் 222 லிட்டர் தரும், 500 லிட்டர் டேங்க் 554 தரும். டேங்கை 60 டிகிரியில் வைத்தால் பெருக்கம் 1.77 ஆகிறது. அப்போது 200 லிட்டர் டேங்கே 283 லிட்டர் தரும், 300 லிட்டர் டேங்க் 425 தரும்.

இனி வீட்டுத் தேவை. பள்ளிக்கூட நாளில் ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் ஆறு பேரும் குளித்தாக வேண்டும். அப்பா, அம்மா, பிள்ளைகள் நால்வரும் வாளிக் குளியல், ஆளுக்கு இரண்டு வாளி, 40 லிட்டர். நானும் மனைவியும் ஷவர். நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் ஷவரில் எட்டு நிமிடம் என்றால் 64 லிட்டர். முகம் கழுவ, பாத்திரம் கழுவ 30. எல்லாம் சேர்த்து 318 லிட்டர். அகலமான மழை ஷவர் மாட்டலாமா என்று மனைவி கேட்டபோது கடையில் அதன் தண்ணீர் அளவைப் பார்த்தேன், கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஷவர் தலையை மாற்றினால் டேங்கின் அளவே மாறிவிடும். டேங்க் வாங்கும் முன் ஷவரை முடிவு செய்துவிடுங்கள்.

குளிக்கும்போதே இயந்திரமும் ஓடும். 5 கிலோவாட் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் 14 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்றினால் 165 லிட்டர் கிடைக்கும். இதைக் கேட்டதும், அப்படியானால் 200 லிட்டர் தாராளம் என்றுதான் எனக்கும் தோன்றியது. உடுமலை பிளம்பர் அண்ணன்தான் நிறுத்தினார். “டேங்க் அடியில இருக்குற தண்ணி இருபது, முப்பதுன்னு மெதுவாத்தான் சூடேறும் தம்பி. குளிச்சிட்டே இருந்தா அந்த அரைச்சூட்டுத் தண்ணிதான் மேல வரும்” என்றார். நியாயமான பேச்சு. குளியல் நேரத்துக்குள் திரும்பச் சூடாவதில் பாதியை மட்டும் வரவு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். சென்சார் குளிர்ச்சியை உணர்ந்து இயந்திரம் கிளம்பக் கால் மணி, அரை மணி ஆகிறதே, அதையும் கழித்தேன்.

அப்படிப் பார்த்தால் 50 டிகிரியில் இருக்கும் 200 லிட்டர் டேங்க் சாதாரண நாளில் 346 லிட்டர் வரை தருகிறது. தேவை 318. கயிற்றில் நடப்பதுபோலத்தான். இதே இயந்திரம்தான் குளிர் இரவுகளில் இரண்டு அறைகளின் தரைக்குள் பதித்த குழாயில் வெதுவெதுப்பான நீரை ஓட்டி அறையையும் சூடாக்கப்போகிறது. அன்றைக்கு இயந்திரம் அந்தத் தரைச் சூட்டுக்குப் போயிருந்தாலோ, விடிகாலையில் கரண்ட் போயிருந்தாலோ கடைசியில் குளிப்பவருக்குக் குளிர்நீர்தான். எங்கள் வீட்டில் கடைசியில் குளிப்பது எப்போதும் என் மனைவி.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேறு கணக்கு. சீயக்காய் போக அலச வேண்டும், ஆளுக்கு 70 லிட்டர், ஆறு பேருக்கு 420. இங்கே 200 லிட்டர் டேங்க் தோற்றுவிடுகிறது. 300 லிட்டர் டேங்க் கையிருப்பு 332ம், ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் பாதியான 124ம் சேர்த்து 456 தருகிறது. போதும். பொங்கலுக்குத் தம்பி குடும்பமும் தங்கச்சி குடும்பமும் வந்தால் வீட்டில் 11 பேர், மூன்று மணி நேரத்தில் 590 லிட்டர் வேண்டும். 50 டிகிரியில் 300 லிட்டர் டேங்க் 538 வரைதான் எட்டுகிறது. அந்த நாட்களில் மட்டும் டேங்கை 60க்கு ஏற்றிவிட்டால் 630ஐத் தாண்டும். 300 லிட்டர் டேங்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தினமும் குறைந்த சூட்டில் சிக்கனமாக ஓடும், கூட்டம் வரும் நாளில் சூட்டைக் கூட்டிப் பெரிய டேங்க் ஆக்கிக்கொள்ளலாம். 200 லிட்டர் டேங்கைத் தினமுமே 60இல் வைத்தால் கூட்டுவதற்கு மேலே இடம் இருக்காது.

தீபாவளி விடிகாலைக்கு மட்டும் இது எட்டவில்லை. 11 பேரும் இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் 770 லிட்டர். அதற்கு 500 லிட்டர் டேங்க்தான் வேண்டும், அதையும் 60 டிகிரியில் வைக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாளுக்காக அவ்வளவு பெரியதை வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் சொன்னார், “அன்னிக்கு ஒரு நாளைக்குப் பாய்லரைப் பத்த வச்சுக்கலாம்டா, அதை வித்துறாத.” செம்பு பாய்லரைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறோம். தீ மூட்டுவது இனி என் வேலை.

200ஐ 60 டிகிரியில் வைப்பதா, 300ஐ 50 டிகிரியில் வைப்பதா என்பதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு குளியல் நீர் தருகின்றன, சின்ன டேங்க் விலையும் இடமும் குறைவு. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். ஹீட் பம்ப் தரும் சூடு ஒரு டிகிரி கூடினால் அதன் திறன் 2 முதல் 2.5 சதவீதம் குறையும். 50இல் ஒன்றுக்கு நான்கு தரும் இயந்திரம் 60இல் மூன்றை ஒட்டி இறங்கிவிடும். பல இயந்திரங்கள் 55ஐத் தாண்டவே தாண்டாது, மிச்சத்தை டேங்குக்குள் இருக்கும் கரண்ட் ராடு ஏற்ற வேண்டியிருக்கும். எங்கள் தேவைக்கு, டேங்க் சும்மா நிற்கையில் இழப்பதையும் சேர்த்து, 50இல் ஒரு நாளைக்கு 2.9 யூனிட் அளவில் ஆகிறது. 60இல் 3.6க்கு மேல் போகிறது. கீசர் என்றால் பத்து யூனிட்டைத் தாண்டும். இன்னொன்று, 60 டிகிரித் தண்ணீர் பட்டால் ஐந்து விநாடியில் தோல் வெந்துவிடும். வயதானவர்கள், குழந்தைகள் தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். 50இல் கையை இழுத்துக்கொள்ள அவகாசம் உண்டு.

50இல் வைப்பதற்கு ஒரு கண்டிஷன் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 1976இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நிமோனியாவிலிருந்துதான் அது கண்டறியப்பட்டது. குடித்து வருவதைவிட, ஷவர் தூறலை மூச்சில் இழுத்து வருவதுதான் அதிகம், வயதானவர்களுக்கு ஆபத்து. 60 டிகிரியில் சில நிமிடங்களில் செத்துவிடும். ஆகவே வாரம் ஒரு முறை டேங்க் முழுவதையும் 60க்கு ஏற்றி இறக்க வேண்டும். எங்களுக்கு அது வெள்ளி இரவு என்று வைத்திருக்கிறேன், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் அந்தச் சூடு பயன்படும். டேங்கிலிருந்து வெளியேறும் குழாயில் சூட்டைத் தானே கலந்து குறைக்கும் தெர்மோஸ்டாடிக் மிக்ஸிங் வால்வு கட்டாயம் போட வேண்டும்.

500 லிட்டரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது, பெரிய டேங்க் என்றால் வெப்பம் நிறைய வீணாகும் என்பது. போட்டுப் பார்த்ததில் அது பெரிய காரணமாக நிற்கவில்லை. நல்ல இன்சுலேஷன் உள்ள 300 லிட்டர் டேங்க் ஒரு நாளில் 1.8 யூனிட் வெப்பம் இழக்கும், 500 என்றால் 2.4 அளவில். ஹீட் பம்ப் கணக்கில் வித்தியாசம் 0.15 யூனிட் மின்சாரம்தான். கரண்ட் போனாலும் பெரிய டேங்க் மெதுவாகவே ஆறும். ஆடிக் காற்றில் கம்பி அறுந்து முழு நாளும் கரண்ட் வராவிட்டால், தொடாமல் வைத்த 300 லிட்டர் டேங்கில் 5 டிகிரி இறங்கும், 500இல் 4. மண்ணிலிருந்து எடுக்கும் வெப்பமும் டேங்க் பெரிதானதால் கூடிவிடாது, நாம் எவ்வளவு குளிக்கிறோமோ அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் வேண்டாம்? முதலில், கதவு. எங்கள் பின்கட்டு அறைக்குப் போட்டிருக்கும் நிலை இரண்டரை அடி, 76 சென்டிமீட்டர். 300 லிட்டர் டேங்க் இன்சுலேஷனோடு 65 சென்டிமீட்டருக்குள் வருகிறது. நான் பார்த்த 500 லிட்டர் டேங்க் 78. சுவர் எழுப்பும் முன்பே உள்ளே வைத்துவிடலாம். ஆனால் பதினைந்து வருடம் கழித்து மாற்றும்போது சுவரை இடிக்க வேண்டும். அடுத்தது எடை. தண்ணீரோடு 600 கிலோவுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும், வெட்டி நிரப்பிய மண் மேல் கட்டிய தரையில் எனக்கு அதற்குத் துணிவில்லை. மூன்றாவதுதான் எனக்குப் பெரியது. பள்ளி விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போய்விட்டால் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். அவர்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு 100 லிட்டர் போதும். 500 லிட்டர் டேங்கில் அவர்கள் குளிப்பது பல நாள் பழைய தண்ணீராக இருக்கும். தினமும் வீடு நிறைய ஆள் தங்கும் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் 500 வாங்குவதே சரி.

இரண்டு 200 லிட்டர் டேங்கை வரிசையாக வைக்கும் யோசனையும் வந்தது. கோவையில் இருக்கும் மச்சான் சொன்னது. முதல் டேங்கில் மிதமான சூடு, இரண்டாவதில் முழுச் சூடு. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க மாதக்கணக்கில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வெளியேறும் கொதிவாயுவின் உபரிச் சூட்டை முதல் டேங்கில் பிடித்துவைப்பது அங்கே நல்ல வழி. எங்கள் வீட்டில் தரைச் சூடு தேவைப்படுவதே மூன்று மாதம்தான், அதுவும் இரவில். பிடித்துவைக்க உபரிச் சூடு இருக்காது. அதைவிட முக்கியம், முதல் டேங்க் எப்போதும் 30, 35 டிகிரியில் நிற்கும். மேலே சொன்ன பாக்டீரியாவுக்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. மச்சானிடம் இதைச் சொன்னதும் அவரே விட்டுவிட்டார்.

குளியலுக்கும் தரைக்கும் சேர்த்து ஒரே டேங்க் என்ற ஏற்பாடும் விற்பனையில் இருக்கிறது. பெரிய டேங்குக்குள் சின்ன டேங்க் உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகு, இடமும் மிச்சம். ஆனால் தரைக்குழாயில் ஓட வேண்டியது 33 டிகிரித் தண்ணீர். அந்தச் சூட்டில் இயந்திரம் ஒன்றுக்கு ஐந்துக்கு மேல் தரும். ஒரே டேங்க் என்றால் குளியலுக்காக மொத்தத்தையும் 50இல் வைத்து, தரைக்குப் போகும்போது தரையிலிருந்து திரும்பி வரும் ஆறிய நீரை அதில் கலந்து 33 ஆக்க வேண்டும். பாடுபட்டு மேலே ஏற்றியதைக் கீழே கொட்டுவதுதான் அது. இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

தரைச் சூட்டுக்கு ஏன் தனியாக ஒரு டேங்க் என்று அப்பா கேட்டார். அப்பா அறை, அம்மா பூஜை செய்யும் அறை, இரண்டும் சேர்ந்து 250 சதுர அடி. அவற்றுக்குத் தேவை 1.4 கிலோவாட், இயந்திரம் தருவதோ 5. ஒரு அறையின் வால்வு மூடிக்கொண்டால் தேவை 0.7தான். மிச்சச் சூடு போக இடமில்லாமல் இரண்டு நிமிடத்தில் தண்ணீர் சூடேறி இயந்திரம் நின்றுவிடும். ஆறியதும் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். இப்படி அடிக்கடி நின்று கிளம்பினால் கம்ப்ரஸர் ஆயுள் குறைந்துவிடும். நடுவில் பஃபர் டேங்க் வைப்பது அதற்குத்தான். ஒரு தடவை கிளம்பினால் பத்து நிமிடமாவது ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, உபரி 4.3 கிலோவாட்டைப் பத்து நிமிடத்துக்குப் பெருக்கினால் 0.72 யூனிட் வெப்பம். தண்ணீர் 6 டிகிரி ஏற இடம் கொடுத்தால் அதைத் தாங்க 100 லிட்டர் வேண்டும். வேகத்தைக் குறைத்து 2 கிலோவாட்டிலும் ஓடக்கூடிய இன்வெர்ட்டர் இயந்திரம் என்றால் இதே கணக்கு 30 லிட்டருக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு அறையையும் வால்வு இல்லாமல் ஒரே சுற்றாக விட்டுவிட்டால் குழாய் புதைந்த மூன்று அங்குலக் கான்கிரீட்டே சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு டிகிரி ஏறவே அதற்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் வெப்பம் வேண்டும். பஃபருக்கு அந்தத் தரையைவிடப் பெரிய டேங்க் தேவையில்லை. அதனால் இன்வெர்ட்டர் இயந்திரம், ஒரே சுற்று, திரும்பி வரும் குழாயில் 50 லிட்டர் சின்ன டேங்க் என்று முடித்தோம். 50 லிட்டரும் தேவைக்குக் கொஞ்சம் கூடுதல்தான், மலையில் வோல்டேஜ் ஆடும் என்பதால் அந்தக் கூடுதலை வைத்துக்கொண்டேன்.

லிட்டரைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இத்தனை கணக்கும் வீண். மறையூரில் ஹோம்ஸ்டே நடத்தும் பெரியப்பா மகன் 8 கிலோவாட் ஹீட் பம்ப் வாங்கி, அதை 500 லிட்டர் சோலார் டேங்கோடு இணைத்தார். இணைத்துக் கொடுத்தவர் பெயர் இங்கே வேண்டாம். தினமும் காலையில் இயந்திரம் பத்து நிமிடம் ஓடி, அழுத்தம் கூடிவிட்டதென்று நின்றுவிடும். தண்ணீர் 38ஐத் தாண்டவில்லை. விருந்தினர்களுக்குப் பதில் சொல்லி அண்ணன் ஓய்ந்துபோனார். கோளாறு இயந்திரத்தில் இல்லை. இயந்திரத்திலிருந்து வரும் சூட்டை டேங்க் நீருக்குக் கைமாற்றும் சுருள் குழாய், அதாவது காயில், அதன் பரப்பு 0.8 சதுர மீட்டர்தான். சோலாருக்கோ விறகு பாய்லருக்கோ அது போதும், அவற்றில் காயிலுக்குள் வரும் தண்ணீர் டேங்கைவிட வெகு சூடாக இருக்கும். ஹீட் பம்ப் அனுப்புவது டேங்கைவிட நாலைந்து டிகிரிதான் கூடுதல். அவ்வளவு சின்ன வித்தியாசத்தில் சூடு கைமாற அகலமான பரப்பு வேண்டும், ஒரு கிலோவாட்டுக்குக் கால் சதுர மீட்டராவது. அவருக்கு 2 சதுர மீட்டர் தேவைப்பட்டது. கடைசியில் டேங்குக்கு வெளியே, தகடுகள் வழியாகச் சூட்டைக் கைமாற்றும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் ஒரு சின்ன பம்பும் வைத்துச் சரிசெய்தார்கள், அந்தச் செலவில் நல்ல டேங்கே வாங்கியிருக்கலாம். எங்கள் 5 கிலோவாட்டுக்கு 1.25 போதும். நான் 1.5க்குக் குறைந்த எதையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். விலைப்பட்டியலில் லிட்டர் பெரிய எழுத்தில் இருக்கும், காயில் பரப்பைக் கேட்டு வாங்க வேண்டும். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

டேங்கின் உலோகம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எனாமல் பூச்சு டேங்க் விலை குறைவு. உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி தான் கரைந்து டேங்கைக் காக்கும், அதை வருடம் ஒரு முறை கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். உடுமலையிலிருந்து ஆள் வர வேண்டிய இடத்தில் அது தவறிப்போகும் என்பது நிச்சயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் எடுத்தேன். தண்ணீர் சூடேறும்போது விரியும், 300 லிட்டர் 60க்குப் போனால் ஏறத்தாழ 5 லிட்டர் கூடும். அந்தக் கூடுதல் நீர் போய்த் தங்க எக்ஸ்பான்ஷன் டேங்கும், அழுத்தம் விடுவிக்கும் வால்வும் இல்லாமல் யார் பூட்டிக் கொடுத்தாலும் சம்மதிக்க வேண்டாம்.

சென்சாரை அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உச்சியில் வைத்தால் டேங்க் காலியான பிறகுதான் இயந்திரத்துக்குத் தெரியவரும். டைமர் காலை 3.30க்கு. 14 டிகிரியிலிருந்து 300 லிட்டரும் 50க்கு வர இரண்டரை மணி நேரம் ஆகும், ஆறு மணிக்கு முதல் வாளி.

இயந்திரம், டேங்க், 50 லிட்டர் சின்ன டேங்க் மூன்றுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. பின்கட்டில் மூன்றடிக்கு மூன்றடி, ஆறு அங்குலக் கான்கிரீட் மேடை போட மேஸ்திரி நாளை வருகிறார். இரண்டு குளியலறைக்கும் நடுவில் வருகிற மூலை அது. அங்கிருந்து எந்தக் குழாய்க்கும் ஆறு மீட்டருக்கு மேல் தூரம் இல்லை, குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீர் ஒன்றரை லிட்டர்தான் போகும். கதவு நிலையை மட்டும் மூன்றடியாக மாற்றச் சொல்லிவிட்டேன்.